எல்லாக் கணக்கும் போட்ட பிறகும்: நிர்வாகக் குழு முடிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வரை சாலையோரத்தில் எத்தனை பால் சங்கங்கள், பாசன சபைகள், தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்கள், கோயில் கமிட்டிகள்! தமிழ்நாடு–கேரள எல்லைக்கோடு நடுவில் ஓடினாலும் இரு பக்கமும் கூட்டம் நடப்பது பெரும்பாலும் தமிழில்தான். இந்தக் குழுக்களின் இயக்குநர்களும் செயலாளர்களும் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஊர்ப் பணத்தை வைத்து முடிவெடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

திட்ட அறிக்கை, வரவு செலவுக் கணக்கு, மூன்று கொட்டேஷன் என எல்லாவற்றையும் பார்த்துத்தான் தீர்மானம் போட்டோம். அப்படியும் தப்பாகிறதே, ஏன்?

பகுத்தறிவோடு முடிவெடுப்பதற்குப் பாடப் புத்தகங்கள் ஒரு வழி சொல்கின்றன. இருக்கும் எல்லா வழிகளையும் வரிசைப்படுத்த வேண்டும், ஒவ்வொன்றின் விளைவையும் கணக்கிட வேண்டும், அவற்றில் மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உலகத்தில் எந்த நிர்வாகக் குழுவும் இதைச் செய்து முடித்ததில்லை.

இதை விளக்கமாக எடுத்துச் சொன்னவர் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன். 1947-ல் நிர்வாக நடத்தை பற்றி அவர் வெளியிட்ட நூலில் தொடங்கிய இந்த ஆய்வுக்காக 1978-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். நமக்குக் கிடைக்கும் தகவல் முழுமையற்றது, மனித மூளை ஒரே நேரத்தில் எடைபோடக்கூடியது கொஞ்சம்தான், முடிவெடுக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. இந்த மூன்று எல்லைகளுக்குள்தான் நம் பகுத்தறிவு வேலை செய்கிறது என்றார் சைமன். 'வரம்புக்குட்பட்ட பகுத்தறிவு' என்று இதைச் சொல்வார்கள்.

நம் தோப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் ஒரு தென்னை நிறுவனம் பத்தாண்டுத் திட்ட அறிக்கை தயாரித்தது என்று வைத்துக்கொள்வோம். காய்ப்பு, கூலி, வட்டி என எல்லாம் அதில் இருக்கும். சுருள் வெள்ளை ஈ இருக்காது. இந்தியாவிலேயே அது முதன்முதலில் கண்டறியப்பட்டது 2016-ல், நம் பொள்ளாச்சி, பாலக்காடு பகுதியில்தான். ஓலையெல்லாம் கரும்பூசணம் படர்ந்து காய்ப்பு குறைந்த நிலையை எந்த ஆடிட்டரும் முன்கூட்டிக் கணக்கில் எழுதியிருக்க முடியாது. அறிக்கை எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்கள் வரிசையாக இருப்பதால் எதிர்காலமும் அப்படியே நடக்கும் என்று நம்பிக் கடன் முழுவதையும் முதல் ஆண்டிலேயே வாங்கிவிடுகிறோமே, அதைத்தான் மாற்ற வேண்டும்.

கணக்கு ஒன்றுதானே? ஒரே குழுவுக்குள் ஆளுக்கொரு விதமாகப் பார்ப்பது ஏன்?

சைமனுக்கு முதல் தெளிவு கிடைத்ததே இந்தக் கேள்வியில்தான். 1930-களில், இளைஞராக இருந்தபோது, தன் சொந்த ஊரான மில்வாக்கியில் பொது விளையாட்டுத் திடல்களின் நிர்வாகத்தை ஆராய்ந்தார். ஒரே நிதியை இரண்டு அலுவலகங்கள் பங்கிட வேண்டியிருந்தது. ஒன்று திடலைப் பராமரிப்பது, மற்றொன்று பிள்ளைகளை விளையாட வைக்கும் பணியாளர்களை நடத்துவது. கூடுதலாகச் செலவிடும் ஒரு டாலர் எங்கே அதிகப் பயன் தரும் என்று பார்த்துப் பங்கிட வேண்டும் என்பது பொருளாதாரப் பாடம். அங்கே யாரும் அந்தக் கணக்கைப் போடவே இல்லை. பராமரிப்புக்காரர்களுக்குத் திடலும் வேலியும் பெரிதாகத் தெரிந்தன, மற்றவர்களுக்குப் பணியாளர்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் எந்த வேலையில் இருக்கிறார்களோ அந்த வேலையின் இலக்கே முழு நிறுவனத்தின் இலக்காகத் தோன்றிவிடுகிறது.

பால் சங்கத்தில் கொள்முதலைப் பார்ப்பவருக்கு உறுப்பினருக்கு உயர்ந்த விலை கொடுப்பதுதான் சங்கத்தின் வேலை. கணக்கைப் பார்ப்பவருக்குக் கையிருப்பு குறையாமல் இருப்பதுதான் சங்கம். இருவரும் நேர்மையானவர்களே. வேண்டுமென்றே இடைஞ்சல் செய்கிறார் என்று ஒருவரை ஒருவர் சந்தேகிக்கும் இடத்தில்தான் நம் கூட்டங்கள் கெடுகின்றன.

மிகச் சிறந்ததைத் தேடாமல் 'போதும்' என்று நிறுத்திக்கொள்வது சோம்பல் இல்லையா?

இல்லை. தேடுவதற்கும் செலவு உண்டு. இளநீருக்கு வியாபாரி தேடும்போது இரு மாநிலங்களிலும் உள்ள எல்லா வியாபாரிகளிடமும் விலை கேட்டு முடிப்பதற்குள் காய் முற்றிவிடும். என்ன விலை வந்தால் கொடுக்கலாம் என்று முதலிலேயே வரையறுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் முதல் வியாபாரியிடம் கொடுப்பதே பெரும்பாலும் அறிவுடைமை. சைமனும் நிறுவனங்கள் இப்படித்தான் நடக்கின்றன என்றார். கவனிக்க வேண்டியது அந்த வரையறையைத்தான். இரண்டு ஆண்டுகள் சந்தை மோசமாக இருந்தால் நம் எதிர்பார்ப்பும் தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. பிறகு சந்தை ஏறினாலும் பழைய விலைக்கே தலையாட்டுகிறோம். எனவே அந்த அளவை ஆண்டுக்கு ஒரு முறையாவது பொதுக்குழுவில் வைத்துப் பேசுங்கள்.

ஒருவர்கூட மறுக்காமல், ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் எப்படித் தோற்கிறது?

ஏகமனது என்றாலே எனக்குக் கவலை வந்துவிடும்.

1961 ஏப்ரலில் அமெரிக்கா, கியூபாவிலிருந்து வெளியேறியவர்களில் சுமார் 1,400 பேருக்குப் பயிற்சி கொடுத்து, அங்கிருந்த காஸ்ட்ரோ அரசைக் கவிழ்க்க அந்நாட்டின் பன்றிகள் விரிகுடாவில் இறக்கியது. மூன்று நாட்களுக்குள் அந்தப் படையெடுப்பு தோற்றுப்போனது. அந்த முடிவை எடுத்த அதிபர் கென்னடியின் அறையில் இருந்தவர்கள் நாட்டின் மிகக் கூர்மையான மூளைகள். திட்டம் சரியில்லை என்று நினைத்த ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் தன் எதிர்ப்பைக் குறிப்பாக எழுதிக் கொடுத்தார். ஆனால் கூட்டத்தில் பெரும்பாலும் மௌனமாக இருந்துவிட்டார். அதற்காகப் பின்னர் தன்னையே நொந்துகொண்டார். உளவியலாளர் இர்விங் ஜேனிஸ் 1972-ல் இந்த நிகழ்வை ஆராய்ந்து, ஒற்றுமையைக் காக்கும் ஆசை மிகும்போது குழு தன் சந்தேகங்களைத் தானே விழுங்கிவிடுகிறது என்று காட்டினார்.

வெள்ளை மாளிகையிலேயே இப்படி என்றால் நம் ஊர்க் குழுவின் நிலை என்ன? பதினொரு பேரில் ஏழு பேர் பங்காளிகளும் மாமன் மச்சான்களுமாக இருப்பார்கள். தலைவர் முதலில் பேசுவார். அடுத்தவர், "மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்பார். அதன் பிறகு வாய் திறப்பவர் மாமாவை எதிர்ப்பவர் ஆகிறார், பேச்சு கொப்பரை உலர்களத்தைப் பற்றியதாக இருந்தாலும். அடுத்த மாதம் அந்த வீட்டில் ஒரு கல்யாணமும் இருக்கும்.

நான் பரிந்துரைப்பது எளியது. மிகக் குறைந்த நிலம் வைத்திருப்பவர், வயதில் இளையவர், இடஒதுக்கீட்டில் வந்த பெண் இயக்குநர் ஆகியோர் முதலில் பேசட்டும். தலைவர் கடைசியில் பேசட்டும். மறுப்புச் சொன்னவரின் பெயரோடு அவர் சொன்ன காரணத்தையும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். முதல் சில கூட்டங்களில் சங்கடமாகத்தான் இருக்கும். பெரியவர்களின் மரியாதை இதனால் குறைந்துவிடாது. கடைசியாகப் பேசுபவர் எல்லோரையும் கேட்டுவிட்டுப் பேசுகிறார் என்ற மதிப்பு அவருக்குச் சேர்கிறது.

நிபுணர்கள் பார்த்துச் சொல்லிவிட்டால் தவறு நடக்காது அல்லவா?

நிபுணருக்குத் தெரிவது ஒன்று. அது முடிவெடுப்பவரிடம் போய்ச் சேருவது வேறு. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் புறப்படுவதற்கு முந்தைய இரவில், உந்துவிசைப் பூஸ்டர்களைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் எச்சரித்தார்கள். குளிரில் பூஸ்டர் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் விறைத்துவிடும், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக் கூடாது என்றார்கள். இடைவேளை கேட்டுத் தனியாகப் பேசிய அவர்களுடைய மேலதிகாரிகள், திரும்பி வந்து ஏவலாம் என்று மாற்றிச் சொன்னார்கள். ஏவுதலுக்கு இறுதி ஒப்புதல் தர வேண்டிய மேல்மட்டத்தினருக்கு இந்த விவாதம் தெரிவிக்கப்படவே இல்லை. மறுநாள் காலை வெப்பநிலை சுமார் 2 டிகிரி. புறப்பட்ட சிறிது நேரத்தில் கலம் சிதறி, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

ஒரு விவரம் இன்னும் முக்கியமானது. அந்த வளையங்கள் முந்தைய பயணங்களிலும் அரித்துப்போயிருந்தன. ஒவ்வொரு முறையும் கலம் பத்திரமாகத் திரும்பியதால் அரிப்பு வழக்கமான ஒன்றாகிவிட்டது. குளிரூட்டியில் பாலின் வெப்பநிலை கொஞ்சம் ஏறியிருந்தும் இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை என்பதால் மூன்றாவது முறை பதிவேட்டிலேயே எழுதாமல் விடும் சங்கத்தைப் பாருங்கள், அதே நோய்தான். பால் பரிசோதிப்பவர் தலைவரிடம் நேராகப் பேச வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம் பக்கத்தில் ஏதாவது?

பிளாச்சிமடை இருக்கிறதே. சித்தூர் தாலுகா, பெருமாட்டி பஞ்சாயத்து. மீனாட்சிபுரம் சாலையில் நம் எல்லோருக்கும் தெரிந்த இடம்.

2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை தொடங்கியது. அனுமதி கொடுத்த நாளில் பஞ்சாயத்தின் மேசையில் இருந்தவை வேலைவாய்ப்பு, வரி, உரிமக் கட்டணம். இவையெல்லாம் எண்களாக எழுதக்கூடியவை. மழை குறைந்த கிழக்குப் பாலக்காட்டில் நிலத்தடி நீர் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுத்தால் சுற்றுக் கிணறுகள் என்னாகும் என்பது யாருடைய மேசையிலும் எண்ணாக இல்லை. எண்ணாக இல்லாதது நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுவதில்லை. எந்த அமைப்புக்கும் உள்ள பெரிய குருட்டுப் புள்ளி இதுவென்று நினைக்கிறேன்.

கிணற்று நீர் குறைந்ததையும் அதன் சுவை மாறியதையும் முதலில் அறிந்தவர்கள் குடம் சுமந்த பெண்கள். அவர்களில் பலர் ஆதிவாசிகள். அவர்கள் உட்கார்ந்து பேச எந்தக் குழுவிலும் நாற்காலி இருக்கவில்லை. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. மயிலம்மா அதன் முகமானார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-ல் சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது.

பஞ்சாயத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தான் கொடுத்த உரிமத்தைத் தானே மறுத்து, வருமானத்தையும் விட்டுக்கொடுத்து, ஒரு பெரிய நிறுவனத்தோடு நீதிமன்றம் வரை போன சிறிய உள்ளாட்சி அது. முதல் முடிவில் இருந்த குறையைவிட இரண்டாவது முடிவில் இருந்த துணிச்சலை நான் உயர்வாக மதிக்கிறேன். ஆனால் அந்தத் துணிச்சலுக்கு வெளியிலிருந்து ஓராண்டுப் போராட்டம் தேவைப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

போட்ட பணம் வீணாகக் கூடாது என்று தொடர்வது நியாயம்தானே?

இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை. 1976-ல் பாரி ஸ்டா என்ற ஆய்வாளர் வணிகவியல் மாணவர்களிடம் ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சி நிதியைப் பங்கிடச் சொன்னார். முதல் சுற்றில் தாங்களே தேர்ந்தெடுத்த பிரிவு நட்டமடைந்தது என்று தெரிந்தபோது, அந்த மாணவர்கள் இரண்டாவது சுற்றில் அதே பிரிவுக்கு மற்றவர்களைவிட அதிகப் பணம் ஒதுக்கினார்கள். தோல்வியில் தன் பெயர் இருக்கும்போது அதைக் காப்பாற்றும் ஆசைதான் பணத்தைக் கொட்ட வைக்கிறது.

நீரா ஆலைகளை நினைத்துப் பாருங்கள். தென்னம்பாளையிலிருந்து இறக்கும் புளிக்காத இனிப்புச் சாறுதான் நீரா. கேரளம் 2014-ல் நீரா இறக்க அனுமதித்தது, சில ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடும் அனுமதித்தது. ஒரு நிறுவனம் தொடங்கியதைப் பார்த்து அடுத்த நிறுவனமும் தொடங்கியது. இறக்கத் தெரிந்த ஆள் போதவில்லை. மரத்திலிருந்து பாட்டில் வரை குளிர்ச்சி மாறாமல் கொண்டுபோகாவிட்டால் நீரா புளித்துவிடும். வாங்கும் பழக்கமும் மக்களிடம் பரவவில்லை. பல ஆலைகள் முடங்கின. இங்கே நான் கவலைப்படுவது தொடங்கியதைப் பற்றி அல்ல. புதிதாக ஒன்றை முயல்வது நல்லதுதான். எப்போது நிறுத்துவோம் என்பதை எழுதி வைக்காமல் தொடங்கியதால்தான் பங்குதாரர்களின் பணம் ஆண்டுக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

ஆகவே கடன் வாங்கும் தீர்மானத்திலேயே இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: "18 மாதத்தில் தினசரி விற்பனை இந்த அளவை எட்டாவிட்டால், திட்டத்தை நிறுத்துவது குறித்துப் பொதுக்குழு கூடி முடிவெடுக்கும்." பணம் போவதற்கு முன்னால் எழுதினால்தான் இது எழுதப்படும். போன பிறகு யாருக்கும் கை வராது. தொடரலாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில், திட்டத்தை முன்மொழிந்தவர் விளக்கம் தரட்டும். வாக்களிப்பவர்கள் வேறு ஆட்களாக இருக்கட்டும்.

நிகழ்ச்சி நிரலில் இருந்தது ஒன்று, முடிவானது வேறொன்று. இது எப்படி நடக்கிறது?

பிரச்சினையிலிருந்து தீர்வுக்குப் போகிறோம் என்று நினைக்கிறோம். பல சமயம் தீர்வுதான் முதலில் வந்து நிற்கிறது. மைக்கேல் கோஹன், ஜேம்ஸ் மார்ச், யோஹான் ஓல்சன் மூவரும் பல்கலைக்கழகங்களைக் கவனித்து 1972-ல் இதை எழுதினார்கள். பிரச்சினைகள், தீர்வுகள், ஆட்கள், வாய்ப்புகள் எல்லாம் தனித்தனியாக வந்துகொண்டிருக்கும். அவை தற்செயலாக ஒரே கூட்டத்தில் சந்தித்தால் அதற்கு முடிவு என்று பெயர் வைத்துவிடுகிறோம் என்றார்கள்.

2020-ல் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கான திட்டத்தை அறிவித்தது. அதைப் போன்ற திட்டங்களின் மானியம் வரும்போது, இன்ன தேதிக்குள் விண்ணப்பம், இன்ன இயந்திரத்துக்கு மானியம் என்று ஒரு பட்டியலும் வரும். அதில் எண்ணெய்ச் செக்கு இருந்தால், "நமக்குச் செக்கு தேவை" என்பதற்கான காரணங்கள் அந்த வாரத்திலேயே உருவாகிவிடும். உறுப்பினர்களின் உண்மையான துன்பம் தேங்காய் உரிக்க ஆள் கிடைக்காததாக இருக்கலாம். அதற்கு மானியம் இல்லை, எனவே அது பிரச்சினையாகவே எழுதப்படுவதில்லை. மானியப் பட்டியலைப் பார்ப்பதற்கு முந்தைய மாதமே உறுப்பினர்களின் முதல் மூன்று தொல்லைகளை மினிட்ஸில் எழுதி வையுங்கள். பிறகு பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ப் பங்கீடு ஏன் இத்தனை ஆண்டுகளாக முழுமையாகத் தீரவில்லை? இரு அரசுகளுக்கும் அறிவு இல்லையா?

அறிவு இருக்கிறது. 1970-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1958 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. தமிழ்நாடு ஆழியாற்றிலிருந்து கேரளத்தின் சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும், முப்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். 1988-ல் அந்தக் காலம் வந்தது. இன்றும் பழைய ஒப்பந்தம்தான். ஆனால் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம் கூடுகிறது, தவணை தவணையாக எவ்வளவு திறப்பது என்று பேசுகிறது, மணக்கடவில் நீரை அளக்கிறார்கள்.

அரசியல் அறிவியலாளர் சார்லஸ் லிண்ட்ப்ளாம் 1959-ல் அரசு நிர்வாகத்தைப் பற்றிச் சொன்னது இதற்குப் பொருந்தும். மதிப்பீடுகளே வேறுபடும் இடத்தில் மொத்தத் தீர்வைத் தேடினால் பேச்சே நின்றுவிடும். சிறு சிறு அடியாக நகர்வதுதான் நடக்கிறது, பெரும்பாலும் அதுவே பாதுகாப்பானதும்கூட. என் கருத்து கொஞ்சம் வேறு. சிறு அடிகள் ஓர் ஆண்டின் வறட்சியைச் சமாளிக்க உதவும். கடைமடை விவசாயி ஒரு தென்னையை நட்டுவிட்டு அறுபது ஆண்டுகள் அதை நம்பியிருப்பவர். அவருக்குத் தவணைக் கணக்கு போதாது.

எல்லை ஊர்களுக்கென்று தனிச் சிக்கல் ஏதும் உண்டா?

உண்டு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சுற்றறிக்கை மலையாளத்தில் வரும், வங்கிப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், கூட்டம் தமிழில் நடக்கும். மூன்றையும் படிக்கத் தெரிந்தவர் செயலாளர் ஒருவராகத்தான் இருப்பார். பத்துப் பக்கத்தை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்வார். மார்ச்சும் சைமனும் 1958-ல் இதைத் தெளிவாக எழுதினார்கள்: சான்றுகளை அனுப்பாமல் அவற்றிலிருந்து தான் பெற்ற முடிவை மட்டும் ஒருவர் மேலே அனுப்பும்போது, அதில் இருந்த சந்தேகமெல்லாம் வழியிலேயே மறைந்துவிடுகிறது. "இருக்கலாம்" என்று சுற்றறிக்கை சொன்னது, கூட்டத்தில் "இருக்கிறது" ஆகிவிடும். செயலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது நடக்கும். பணம் சம்பந்தப்பட்ட பத்தியையாவது வரி வரியாக வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், இரண்டாவதாக ஒருவரைச் சரிபார்க்க அழைப்பது செயலாளருக்கு அவமானம் அல்ல என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

கணினியும் செயற்கை நுண்ணறிவும் வந்த பிறகு இந்த எல்லைகள் போய்விடாதா?

கணக்கிடும் வேகம் கூடும். செயற்கை நுண்ணறிவைத் தொடங்கி வைத்தவர்களில் சைமனும் ஒருவர். ஆலன் நியூவெல்லோடு சேர்ந்து 1975-ல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருதைப் பெற்றவர். தகவல் பெருகப் பெருகக் கவனம் பஞ்சமாகும் என்று 1971-லேயே சொன்னவரும் அவரே. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வரும் எத்தனை கொப்பரை விலைப் பட்டியல்களை உங்கள் குழு படிக்கிறது?

முடிவு தோற்றால் யாரைப் பொறுப்பாக்குவது?

விளைவை வைத்து மட்டும் தீர்ப்பளிக்காதீர்கள். நடந்து முடிந்த பிறகு எல்லாம் முன்பே தெரிந்தது போலத் தோன்றும் என்பதை உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-ல் சோதனைகளில் காட்டினார். 2023-ல் அரவைக் கொப்பரைக்குக் குவிண்டாலுக்கு 10,860 ரூபாய் ஆதரவு விலை அறிவித்திருந்தும் வெளிச்சந்தையில் அந்த விலை கிடைக்காமல் தவித்தோம். 2025-ல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. 2023-ல் உலர்களம் வேண்டாம் என்று சொன்ன குழுவை இன்று முட்டாள்கள் என்கிறார்கள், வேண்டும் என்று சொன்ன குழுவைத் தீர்க்கதரிசிகள் என்கிறார்கள். இரு குழுக்களுக்கும் அன்று தெரிந்தது ஒரே அளவுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அன்று கிடைத்த தகவலைத் தேடினார்களா? மறுத்தவரைப் பேச விட்டார்களா? சொந்த ஆதாயம் இருந்தவர் வெளியே போய் நின்றாரா? நிறுத்தும் நிபந்தனையை எழுதினார்களா? இவற்றுக்கு விடை மினிட்ஸ் புத்தகத்தில் இருக்க வேண்டும். "விவாதிக்கப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், வெற்றி பெற்ற முடிவாக இருந்தாலும் அந்தக் குழுவைப் பொதுக்குழுவில் எழுப்பிக் கேள்வி கேட்கும் உரிமை ஒவ்வொரு பங்குதாரருக்கும் உண்டு. தயங்காமல் கேளுங்கள்.